முப்பது சென்டிமீட்டரைத் திருப்பித் தாருங்கள்: குடியிருப்பு உரிமையாளர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்கம், பழைய வண்ணாரப்பேட்டை.

மதிப்பிற்குரியீர்,

அடுத்த மாத முதல் வாரத்தில் நம் ஸ்டில்ட் தளத்தின் (தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தின்) கார் நிறுத்தும் கோடுகளை அழித்துப் புதிதாகப் போடப்போவதாகவும், ஒவ்வோர் இடத்தின் அகலமும் 2.5 மீட்டரிலிருந்து 2.2 மீட்டராகக் குறையும் என்றும், ‘சிறிய வண்டிகள்’ லிஃப்டை ஒட்டிய நடு இடங்களுக்கும் ‘பெரிய வண்டிகள்’ சுவரோர இடங்களுக்கும் மாற்றப்படும் என்றும் லிஃப்ட் வாசலில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். சிறிய வண்டிகளின் பட்டியலில் முதலாவதாக இருப்பது, இப்போது மூலை இடத்தில் நிற்கும் என்னுடைய 1986ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி. இந்த முடிவை நான் ஏற்கவில்லை. காரணங்களை விளக்கிச் செயலாளரிடம் நேரில் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை எழுத்தில் பதில் இல்லை. மாடிப்படியில் பார்த்துக் கேட்டபோது, “எல்லாரும் கொஞ்சம் பார்த்துக் கதவைத் திறந்தால் போதும் சார், ஒன்றும் ஆகாது” என்ற சொல்தான் கிடைத்தது. தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் குடியிருக்கும் நண்பர்கள் தங்கள் கட்டடங்களிலும் இதே பேச்சு அடிபடுவதாகச் சொல்வதால், நமக்குள் முடிந்திருக்க வேண்டிய விஷயத்தைப் பொதுவில் வைக்கிறேன். கட்டடத்தின் பெயரும் உங்கள் பெயர்களும் இதற்குத் தேவையில்லை என்பதால் அவற்றை எழுதவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வடக்குச் சுவரை ஒட்டிய வரிசையின் நீளம் 20 மீட்டர். அங்கே இப்போது எட்டு வண்டிகள் நிற்கின்றன. அகலத்தை 2.2 மீட்டராக்கினால் 19.8 மீட்டரில் ஒன்பது வண்டிகள் நிற்கும். உங்கள் திட்டத்தின் மொத்த ஆதாயம் இந்த ஓரிடம்தான். தெற்கு வரிசையில் இரண்டு வண்டிக்கு ஒரு தூண் குறுக்கே நிற்பதால், கோட்டை எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் கூடுதலாக ஒரு சைக்கிளுக்குக்கூட இடம் வராது; அங்கேயும் ஏன் அகலத்தைக் குறைக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஆக, எட்டு வீட்டாரிடம் ஆளுக்கு 30 சென்டிமீட்டரை வாங்கி, ஏற்கெனவே ஒரு கார் வைத்திருக்கும் ஒரு வீட்டின் இரண்டாவது காருக்கு இடம் கொடுக்கிறீர்கள். அந்த வீட்டாரின் தேவை பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்தத் தேவைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை அறிவிப்பில் எங்கும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள் என்பதே என் முறையீடு.

அந்த விலையை நான் எழுதுகிறேன். நம் தளத்தில் நிற்கும் வண்டிகளின் அகலம் அவற்றின் கையேட்டிலேயே இருக்கிறது. பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல், மாருதி 800 1.44 மீட்டர், என் பத்மினி 1.46 மீட்டர், அம்பாசடர் ஏறத்தாழ 1.68 மீட்டர். இவை ஒரு காலத்து வண்டிகள். இன்று நம் வாசலுக்குள் வருபவற்றில் ஸ்விஃப்ட் 1.735, கிரெட்டா 1.79, இன்னோவா கிரிஸ்டா 1.83, எக்ஸ்யூவி 700 1.89 மீட்டர். 2.5 மீட்டர் அகல இடங்களில் இரண்டு எக்ஸ்யூவிகள் கோட்டுக்குச் சரியான நடுவில் நின்றால் இரண்டுக்கும் இடையில் 61 சென்டிமீட்டர் இருக்கும். 2.2 மீட்டர் இடங்களில் அதே இரண்டு வண்டிகளுக்கு இடையில் மிஞ்சுவது 31 சென்டிமீட்டர். ஒல்லியான கல்லூரிப் பையன் ஒருவன் கதவைத் திறந்து உடம்பை நெளித்து இறங்குவதற்கே அரை மீட்டராவது வேண்டும். 31 சென்டிமீட்டர் இடைவெளியில் கதவு பக்கத்து வண்டியின்மேல் சாய்ந்துதான் நிற்கும்; இறங்குபவர் அதன்மேல் தன் எடையையும் சேர்ப்பார். எனவே, “பார்த்துத் திறந்தால் போதும்” என்ற ஆலோசனைக்கு இந்த அகலத்தில் பொருளே கிடையாது. பார்த்துத் திறப்பதற்கும் இடம் வேண்டும்.

இரண்டாம் தளத்து வீட்டில் மூட்டுவலியோடு ஒரு வயதான அம்மா இருக்கிறார். மகன் அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பும் நாட்களில் அவர் இறங்கும் விதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் கதவை முழுதாகத் திறக்க வேண்டும். பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக வெளியே எடுத்து வைத்து, ஒரு கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதையே ஊன்றுகோலாக்கி எழ வேண்டும். அப்படி எழும்போது கதவு இன்னும் கொஞ்சம் வெளியே போகும். அங்கே பக்கத்து வண்டி நின்றால் இடிக்கும். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பின்கதவைக் காலால் உதைத்துத் திறப்பதும் அப்படித்தான், பிள்ளைகள் வேறெப்படித் திறப்பார்கள்? கதவு இடிபடுவதை ஒழுக்கக் குறைவாக நினைத்து அறிவிப்புப் பலகையில் “கதவை மெதுவாகத் திறக்கவும்” என்று எழுதி வைப்பவர்கள், தரையில் போட்ட கோட்டின் பிழையைக் குடியிருப்பவர்களின் தலையில் ஏற்றுகிறார்கள்.

இனி என் வண்டியைச் ‘சிறிய வண்டி’ என்று சொல்லி நடு இடத்துக்கு அனுப்பும் தர்க்கத்துக்கு வருகிறேன். சிறிய வண்டிக்குக் குறைந்த இடம் போதும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வண்டியில் காயம் விழுமா என்பதை என் வண்டியின் அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இருபுறமும் நிற்கும் வண்டிகளின் அகலமும், அவற்றின் கதவுகளின் நீளமும், உயரமும் தீர்மானிக்கின்றன. 2.2 மீட்டர் இடத்தில் என் பத்மினி இரண்டு எக்ஸ்யூவிகளுக்கு நடுவில் நின்றால், எல்லாரும் அணு பிசகாமல் நடுவில் நிறுத்தினாலும், ஒவ்வொரு பக்கமும் 52 சென்டிமீட்டர்தான் இருக்கும். யாரும் அப்படி நிறுத்துவதில்லை என்பது நமக்குத் தெரியும். மேலும், என் வண்டி சிறியதாக இருப்பதைப் பார்க்கும் பக்கத்து ஓட்டுநர், ‘அவருக்குத்தான் தாராளமாக இருக்கிறதே’ என்று தன் வண்டியை என் பக்கம் ஒரு சாண் தள்ளி நிறுத்துவார். நான் சேமித்துத் தரும் இடம் இருபக்கத்தாருக்கும் கதவைக் கூடுதலாகத் திறக்கும் வசதியாக மாறி, அந்தக் கதவு வந்து முட்டும் இடமாக என் வண்டி நிற்கும். உயரத்திலும் இதே சிக்கல்தான். என் வண்டியின் பக்கவாட்டில் ஓடும் குரோமியப் பட்டை அந்தக் காலத்துக் கதவுகளின் உயரத்துக்கு அமைந்தது. இன்றைய உயர வண்டிகளின் கதவு விளிம்பு அந்தப் பட்டைக்கு ஒரு சாண் மேலே, வெறும் தகட்டின்மேல் வந்து இடிக்கிறது.

இது ஊகமில்லை. சம்ப் மோட்டார் வேலைக்காக மூலையைத் தோண்டியபோது, என் வண்டியைத் தற்காலிகமாக லிஃப்ட் பக்கம் நிறுத்தச் சொன்னவர்கள் நீங்களேதான். சில வாரங்கள் அங்கே நின்ற வண்டியில் என்ன நடந்தது என்பதைப் படங்களோடு உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இடது பின்கதவில், செங்குத்தாக, விரல்நுனி அகலத்தில் ஒரு மடிப்பு. அதில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. முன்கதவில் வட்டமாக ஒரு குழி. அது கார்க் கதவால் விழுந்ததல்ல, பைக்கின் ஹேண்டில்பார் நுனி பட்டு விழுந்தது. பின் மட்கார்டில் நீளவாக்கில் ஒரு கீறல். தண்ணீர் கேன் வண்டியின் இரும்புச் சட்டம் உரசியது. அனுபவமுள்ள எந்த டிங்கரிடம் காட்டினாலும் எதனால் விழுந்த அடி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் மூலையில் நின்ற அதே வண்டியில் இப்படி ஓர் அடிகூட விழுந்ததில்லை. வண்டியும் அதேதான், மனிதர்களும் அதே மனிதர்கள்தான். இடம் ஒன்றுதான் மாறியது.

மூலை இடத்தை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் கௌரவத்துக்காகக் கேட்பதாக ஒரு பேச்சு இருக்கிறது. மூலையில் முகப்பை உள்ளே விட்டு நிறுத்தும்போது என் வண்டியின் இடது பக்கம் சுவர். இடது பக்கம் உட்கார்ந்து வருபவர்களை வாசலிலேயே இறக்கிவிட்டு, சுவருக்கு 15 சென்டிமீட்டர் மட்டும் விட்டு ஒட்டி நிறுத்துவேன். அப்போது 2.5 மீட்டர் இடத்தில் என் வலது பக்கம் 89 சென்டிமீட்டர் மிஞ்சும். அடுத்த இடத்துக் கிரெட்டா தன் கோட்டுக்குள் விடும் 35 சென்டிமீட்டரையும் சேர்த்தால் இரண்டு வண்டிக்கும் இடையில் 124 சென்டிமீட்டர். கிரெட்டாக்காரர் தன் கதவை முழுதாகத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாலும் என் வண்டியைத் தொட முடியாது. நானும் அவருடைய வண்டியைத் தொட முடியாது. குறுகிய வண்டியைச் சுவரோரம் நிறுத்தினால் அது மிச்சப்படுத்தும் இடம் முழுவதும் ஒரே பக்கம் சேர்ந்து பக்கத்து வண்டிக்கும் உதவுகிறது. அதே வண்டியை நடுவில் நிறுத்தினால் அந்த இடம் இரண்டு பக்கமும் சிதறி யாருக்கும் உதவாமல் போகிறது. நீங்கள் செய்யப்போவது இதற்கு நேர் எதிரானது: அகல வண்டியைச் சுவரோரம் அனுப்புகிறீர்கள், அதன் ஓட்டுநர் சுவரில் கண்ணாடி இடித்துவிடும் என்று பயந்து கோட்டைத் தாண்டித்தான் நிறுத்துவார்.

லிஃப்டை ஒட்டிய இடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் கட்டடத்துக்குள் வரும் எல்லாமே அந்த வழியாகத்தான் மேலே போகிறது: இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள், கேஸ் சிலிண்டர்கள், எம்.சி. ரோடு துணிக்கடைப் பைகள், பிள்ளைகளின் சைக்கிள்கள், வீடு மாறுபவர்களின் பீரோ. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே ஆள் நடக்கவே வழி இருக்காது. விருந்தினர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கி, அங்கே நிற்கும் காரின் பானெட்டில் பையை வைத்துவிட்டுச் செருப்பின் வாரைச் சரிசெய்வதை நான் பார்த்திருக்கிறேன். வண்டியைப் பேணி வைத்திருக்கும் எவரும் அந்த இடத்தைக் கேட்க மாட்டார்கள். அது நிரந்தரமாக ஒரு காருக்கு ஒதுக்கும் இடமே அல்ல.

வாசலோரத்து மூன்று இடங்களைப் பற்றி உங்கள் அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அங்கே வண்டி இல்லாவிட்டாலும் சொல்கிறேன். நம் வாசல் கிழக்கு பார்த்தது. பிற்பகலில் கடற்காற்று காசிமேட்டுப் பக்கமிருந்து நேராக உள்ளே வரும். வாசலில் நுழைந்தவுடன் முகப்பை மேற்கே விட்டு நிறுத்தும் வண்டிகளுக்கு அந்தக் காற்று பின்னாலிருந்து வீசுகிறது. கார்க் கதவின் கீல் முன்பக்கம் இருப்பதால், பின்னாலிருந்து வரும் காற்று திறக்கும் கதவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு, மழைநீர் வடிவதற்காக அங்கே தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். கதவு தன் எடையாலேயே அகலத் திறந்துகொள்கிறது. அந்த மூன்று வண்டிகளையும் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகப்பு கிழக்கே இருக்கும்படி நிறுத்தச் சொன்னால், அதே காற்று கதவை மூடப் பார்க்கும். செலவில்லாத இந்த ஏற்பாட்டைச் செய்ய ஒரு வரி அறிவிப்பு போதும். ஆனால் கோட்டை நெருக்குவதில் இருந்த அக்கறை இதில் இல்லை.

தெற்கு வரிசைத் தூண்களும் அப்படித்தான். தூண் பக்கத்தில் நிற்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தூண் வண்டியின் முன் மூக்குக்கோ பின்பக்கத்துக்கோ நேராக இருந்தால் அது உண்மை. அந்தப் பக்கம் இன்னொரு வண்டி நெருங்க முடியாது, கதவைத் திறக்கவும் தடையிருக்காது. முன்கதவுக்கு நேராகத் தூண் இருந்தால் நம் கதவே தூணில் இடித்துப் பெயிண்ட் உதிரும். அதற்குப் பயந்து ஓட்டுநர் மறுபக்கம் ஒதுக்கி நிறுத்த, அந்தப் பக்கத்து வண்டிக்கு ஆபத்து. நம் தூண்களில் ஏழெட்டு நிறக் கீறல்கள் இருக்கின்றன. தூணுக்கு ஒரு ஃபோம் பட்டை ஒட்டுங்கள் என்று கேட்டவர்களுக்கு மெயின்டனன்ஸில் பணம் இல்லை என்றீர்கள். புதுக்கோடு போடும் பெயிண்டுக்கும் கூலிக்கும் மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?

“பழைய வண்டிதானே, தெருவில் விடுங்கள்” என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நம் தெருவில் ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், மறுபக்கம் கடைகள். நடுவில் விடியற்காலையில் மீன்பாடி வண்டிகளும், பகலில் சரக்கு ஆட்டோக்களும், இரவில் வழி தவறி உள்ளே வரும் லாரிகளும் போகின்றன. அங்கே கதவுக் காயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது என்பது உண்மைதான். பக்கக் கண்ணாடியே மிஞ்சாது. கவர் போட்டு மூடச் சொல்வோருக்கும் ஒரு பதில்: கவர் அடியைத் தடுக்காது, கவருக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கும் தூசு காற்றில் உரசி மெருகைத்தான் கெடுக்கும்.

ஒரு சின்னக் குழிக்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். நாம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறோம். கதவு விளிம்பு பட்டுப் பெயிண்ட் பெயர்ந்து தகடு தெரிந்தால், உப்புக்காற்று அதைச் சும்மா விடுவதில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் புள்ளியைச் சுற்றிப் பெயிண்டுக்கு அடியில் துரு கொப்புளம் கட்டிவிடும். பிறகு தட்டி நிமிர்த்துவதோடு வேலை முடியாது. துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, நிறம் கலந்து அடிக்க வேண்டும். நாற்பது ஆண்டு வெயில் பார்த்த வெளிர்நீலத்துக்கு இணையான நிறத்தை யாராலும் டப்பாவிலிருந்து எடுக்க முடியாது. ஒரு கதவுக்கு மட்டும் அடித்தால் தையல் போட்ட சட்டைபோலத் தனியாகத் தெரியும் என்பதால், பெயிண்டர் அந்தப் பக்கம் முழுவதையும் அடிக்கச் சொல்வார். புது வண்டிக்காரர்களுக்கும் நிம்மதி இல்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று பொருளாளர் சொன்னார். இழப்பீடு கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து ஐந்தாண்டுகள் கேட்காதவருக்கு 50 சதவீதம் வரை, வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி ஏறுகிறது. கதவில் விழுந்த ஒரு குழிக்கு இழப்பீடு கேட்டால் அந்தத் தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் சுழியத்துக்கு வந்துவிடும். அதோடு, 1500 சிசி வரையிலான காருக்கு ₹1,000, அதற்கு மேற்பட்டதற்கு ₹2,000 கட்டாயமாக நம் கையிலிருந்து போகும். அதனால்தான் கதவுக் காயத்துக்கு யாரும் இழப்பீடு கேட்பதில்லை. கைக்காசைப் போட்டுச் சரிசெய்கிறார்கள், அல்லது பார்த்துப் பார்த்து வயிறெரிகிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

என் பத்மினியை என் தந்தையார் வாங்கினார். பவர் ஸ்டீயரிங் இல்லாத, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் உள்ள அந்த வண்டியை நெருக்கமான இடத்தில் ஏற்றி இறக்குவது இரண்டு தோளுக்கும் வேலை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி அதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த மடலை அந்த வண்டிக்காக மட்டும் எழுதியதாக எண்ண வேண்டாம். முதல் தளத்தில், ஆட்டோ ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவரின் மகன், தவணையில் வாங்கிய ஸ்விஃப்டைக் காலையில் அலுவலகம் போகுமுன் துணி நனைத்துத் துடைக்கிறார். அந்த வண்டியும் உங்கள் பட்டியலில் நடு இடத்துக்குப் போகிறது. அவர் உங்களிடம் வந்து பேசக் கூச்சப்படுகிறார். எனக்குக் கூச்சமில்லை.

உங்களுக்கு இதைச் செய்ய அதிகாரம் உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் என்று அளவு குறிக்கின்றன. நம் கட்டடத்துக்கு அனுமதி வாங்கிய வரைபடத்திலும் அதே 2.5 மீட்டர்தான் காட்டப்பட்டிருக்கிறது. அதன் நகல் சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறது. மூலை இடம் என் சொத்து என்று நான் வாதிடவில்லை. மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் எழுந்த நஹல்சந்த் லாலூசந்த் – பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஸ்டில்ட் தளத்து நிறுத்துமிடம் பொது இடமே, கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்று 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நான் அறிவேன். என் கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது. பொது இடம் எல்லா உரிமையாளர்களின் பிரிக்கப்படாத பங்கு என்றால், ஒரு செயற்குழு தானே கூடி, தானே அளந்து, லிஃப்ட் வாசலில் ஒட்டிவிட்டு அதன் அமைப்பை மாற்றுவது எப்படிச் சரியாகும்? பொதுக்குழுவைக் கூட்டாமல், தீர்மானம் நிறைவேற்றாமல், அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கு மாறாகக் கோடு போடுவதை யார் உங்களுக்கு ஒப்படைத்தார்கள்?

என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

அடுத்த மாதம் போடவிருக்கும் கோட்டு வேலையை உடனே நிறுத்திவைத்து, அதை லிஃப்ட் வாசலிலேயே அறிவிக்க வேண்டும். நிறுத்துமிட மாற்றத்தைத் தனிப்பொருளாக வைத்துப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும், இரண்டு வரிசைகளின் அளவுகளையும், ஒவ்வொரு வண்டியின் அகலத்தையும் எழுதி முன்கூட்டியே எல்லா வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும். பொதுக்குழு என்ன முடிவெடுத்தாலும் ஓரிடத்தின் அகலம் 2.5 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

சுவரோர இடங்களும் மூலை இடங்களும் இன்று யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடமே இருக்கட்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால், குறுகிய வண்டிகளைச் சுவரோரமும் அகல வண்டிகளைக் குறுகிய வண்டிகளுக்குப் பக்கத்திலும் வையுங்கள். இரண்டு அகல வண்டிகள் அடுத்தடுத்து நிற்பதைத் தவிருங்கள். கோட்டைப் புதுப்பிக்கும்போது, இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஒற்றைக் கோட்டுக்குப் பதில், இருபக்கத்து 2.5 மீட்டருக்குள்ளேயே அரையடி அரையடியாக எடுத்து, ஓரடி இடைவெளி விட்டு இரட்டைக் கோடு போடச் செய்யுங்கள். ஓட்டுநர்கள் அதைப் பார்த்து நடுவில் நிறுத்தப் பழகுவார்கள்.

லிஃப்டை ஒட்டிய இடத்தை எந்த வீட்டுக்கும் ஒதுக்காமல், முதியவர்களையும் குழந்தைகளையும் பொருட்களையும் இறக்கிவிடும் இடமாக விட வேண்டும். ஆட்களை அங்கே இறக்கிவிட்டு ஓட்டுநர் மட்டும் தன் இடத்துக்குப் போனால், நிறுத்துமிடத்தில் திறக்க வேண்டிய கதவு ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் தளத்து அம்மாவுக்கும் அது சௌகரியம். அந்த இடத்தை இப்போது பயன்படுத்துபவருக்குத் தெற்கு வரிசையில் காலியாகக் கிடக்கும் விருந்தினர் இடத்தைக் கொடுக்கலாம்.

தூண்களுக்கும் மூலைச் சுவர்களுக்கும் கதவு உயரத்தில் ஃபோம் பட்டை ஒட்ட வேண்டும். வாசலோர மூன்று வண்டிகளையும் பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்தும்படி அறிவிக்க வேண்டும். இருசக்கர வண்டிகள் கார்களுக்கு நடுவில் புகுந்து நிற்பதைத் தடுத்து, அவற்றுக்குத் தனியாகக் கோடு போட்டுத் தர வேண்டும். தண்ணீர் கேன், சிலிண்டர் கொண்டுவருபவர்கள் மேற்குப் பக்கத்து நடைபாதை வழியாக வரும்படி வாட்ச்மேனிடம் சொல்லி, அந்த நடைபாதையில் அடுக்கியிருக்கும் பழைய மரச்சாமான்களை அகற்றித் தர வேண்டும்.

யார் வண்டியில் யார் கதவு பட்டாலும் பதிவு செய்வதற்கு வாட்ச்மேன் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். ஸ்டில்ட் தளத்து சிசிடிவிப் பதிவைக் குறைந்தது முப்பது நாள் அழிக்காமல் வைத்திருக்கச் செய்யுங்கள். சம்ப் வேலையின்போது நீங்கள் சொன்ன இடத்தில் நின்று என் வண்டியில் விழுந்த மூன்று அடிகளையும் சரிசெய்த ரசீதைச் செயலாளரிடம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன். அந்தத் தொகையைச் சங்கம் ஏற்குமா, ஏற்காதா என்பதையும், மேலே கேட்டவற்றில் எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதையும் இம்மாதம் 25ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால், பொதுக்குழுவைக் கூட்டக் கோரும் மனுவில் மற்ற உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்குவேன். அதுவரை என் வண்டி மூலை இடத்திலேயே நிற்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்து உரிமையாளர்களில் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.